தலைகீழாக 260 கி.மீ. வேகம்: ஸ்கைடைவர்கள் நடுவானில் 'பிரேக்' போடுவது எப்படி?

இன்ஸ்டாகிராமில் ஸ்கைடைவிங் ரீல்ஸ் பார்ப்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறையாவது கடந்து வந்திருப்பார்கள். இரண்டு பேர் தலைகீழாக, கால்கள் வானத்தைப் பார்த்தபடி, எதிரெதிரே மிதக்கிறார்கள். ஒருவர் கையை நீட்ட, மற்றவர் அதைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறார். பார்க்க ஏதோ நீச்சல் குளத்தில் விளையாடுவது மாதிரி இருக்கும்.

உண்மையில் அந்த நொடியில் இருவரும் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை, இன்ஜினும் இல்லை. இருப்பது உடம்பு மட்டும்தான். அதை வைத்தே வேகத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், பக்கவாட்டில் நகர்கிறார்கள், ஒருவரை ஒருவர் தொடுகிறார்கள்.

இது எப்படிச் சாத்தியம்? இதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? பலரும் நினைப்பது போல, தரையை நோக்கிப் போகும் அந்த 260 கி.மீ. வேகத்தில் இல்லை. பக்கத்தில் விழுபவரின் வேகத்துக்கும் உங்கள் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

ஃப்ரீஃப்ளை என்றால் என்ன?

ஸ்கைடைவிங்கில் முதலில் கற்றுத் தரப்படுவது, வயிறு தரையைப் பார்க்க, கை கால்களை விரித்துக்கொண்டு குப்புற விழும் முறை. இதை 'பெல்லி ஃப்ளை' என்கிறார்கள். பல வருடங்களுக்கு ஸ்கைடைவிங் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

1980-களின் கடைசியிலும் 1990-களிலும் ஜெர்மனியைச் சேர்ந்த ஓலாஃப் சிப்ஸர் போன்றவர்கள் இந்த எல்லையைத் தாண்டினார்கள். உட்கார்ந்தபடி, நின்றபடி, மல்லாந்தபடி, தலைகீழாக என எந்த நிலையிலும் உடலைக் கட்டுப்பாட்டில் வைத்து விழ முடியும் என்று காட்டினார்கள். அதுதான் 'ஃப்ரீஃப்ளை'. இன்று உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. நடத்தும் போட்டிகளில் இது ஒரு தனிப் பிரிவு. ஓர் அணியில் மூன்று பேர். இருவர் வித்தை காட்டுவார்கள். மூன்றாமவர் கூடவே விழுந்துகொண்டு வீடியோ எடுப்பார்.

இந்த நிலைகளில் வேகமானதும் பழகக் கடினமானதும் 'ஹெட்-டவுன்', அதாவது தலைகீழ் நிலை.

விழும் வேகம் ஏன் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது?

பிளஸ் 1 இயற்பியலில் படித்த 'முற்றுத் திசைவேகம்' ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இங்கேயும்.

விமானத்திலிருந்து குதித்ததும் புவியீர்ப்பு விசை உங்களைக் கீழே இழுக்கும். வேகம் கூடக் கூட, எதிரே வரும் காற்றின் தடையும் கூடும். காற்றுத்தடை உங்கள் எடைக்குச் சமமாகும் இடத்தில் வேகம் அதற்கு மேல் ஏறாது. பெல்லி நிலையில் குதித்த பத்துப் பன்னிரண்டு நொடிகளுக்குள் இந்த நிலை வந்துவிடும்.

அந்த வேகம் எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை நான்கு: உங்கள் எடை, காற்றுக்கு நீங்கள் காட்டும் பரப்பளவு, உடலின் வடிவம், காற்றின் அடர்த்தி. குதித்த பிறகு எடையை மாற்ற முடியாது. காற்றின் அடர்த்தியும் உங்கள் கையில் இல்லை. மீதி இருப்பது பரப்பளவும் வடிவமும். ஸ்கைடைவரின் மொத்த விளையாட்டும் இந்த இரண்டை வைத்துத்தான்.

தோராயக் கணக்கு இது:

- பெல்லி நிலை: மணிக்கு 190 முதல் 200 கி.மீ.
- ஹெட்-டவுன்: மணிக்கு 240 முதல் 290 கி.மீ.
- வேகத்துக்காகவே நடக்கும் 'ஸ்பீட் ஸ்கைடைவிங்' போட்டிகளில், உடலை ஈட்டி மாதிரி ஒடுக்கி விழுபவர்கள்: மணிக்கு 500 கி.மீ.க்கும் மேல்.

அதே ஆள், அதே எடை, அதே வானம். உடம்பை வைத்திருக்கும் விதத்தில் மட்டும்தான் இவ்வளவு வித்தியாசம்.

எடையும் ஒரு சிக்கல். இரண்டு பேர் ஒரே அளவு பரப்பைக் காற்றுக்குக் காட்டினால், 80 கிலோ இருப்பவர் 60 கிலோ இருப்பவரை விட ஏறக்குறைய 15 சதவீதம் வேகமாக விழுவார். அதனால்தான் மெலிந்தவர்கள் ஈயக் கட்டிகள் வைத்த பெல்ட் கட்டிக்கொள்வதும், உடலோடு ஒட்டிய உடை போடுவதும் உண்டு. கனமானவர்கள் கொஞ்சம் தொளதொளப்பான உடையைத் தேர்ந்தெடுப்பார்கள். இவையெல்லாம் தரையிலேயே செய்துகொள்ளும் ஏற்பாடுகள். மீதியை வானத்தில் உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைகீழாக விழுந்தாலும் புரண்டுவிடாமல் இருப்பது எப்படி?

பேட்மின்டன் இறகுப்பந்தை எப்படித் தூக்கிப் போட்டாலும், கனமான கார்க் பகுதி முன்னால் வந்து இறகுகள் பின்னால் போய்விடும். இறகுகள் காற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதால்தான் பந்து நிலையாகப் பறக்கிறது.

ஹெட்-டவுன் நிலையும் கிட்டத்தட்ட அதே லாஜிக்தான். தலையும் உடற்பகுதியும் இறகுப்பந்தின் கார்க். மேலே விரிந்திருக்கும் கால்கள் இறகுகள். முதுகு நேராக இருக்க, கால்களைப் பக்கவாட்டில் 'வி' வடிவில் அகட்டி வைப்பது ஒரு முறை. ஒரு காலை முன்னேயும் இன்னொன்றைப் பின்னேயும் வைத்து, நடப்பது போன்ற தோற்றத்தில் விழுவது இன்னொரு முறை. கைகள் பக்கவாட்டில், கண்ணின் ஓரத்தில் தெரிகிற மாதிரி இருக்கும்.

புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் பொதுவான தவறு, தரையைப் பார்க்க முயல்வது. தலைகீழாகத்தானே போகிறோம், தரையைத்தானே பார்க்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் பார்வை எதிரே இருக்கும் அடிவானத்தில், அல்லது கூட விழுபவரின் முகத்தில் இருக்க வேண்டும். கழுத்து வளைந்தால் முதுகு வளையும். முதுகு வளைந்தால் உடம்பு நிலை மாறிப் புரண்டுவிடும்.

கால்தான் பிரேக், கால்தான் ஆக்சிலரேட்டர்

வேகத்தைக் குறைக்க வேண்டுமா? கால்களை இன்னும் அகட்டி, முழங்கையை வெளியே கொண்டுவந்து, காற்றில் அதிகப் பரப்பு படும்படி செய்ய வேண்டும். வேகம் கூட்ட வேண்டுமா? கால்களை நெருக்கி, கைகளை உடலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

படிக்க சிம்பிளாக இருக்கிறது. நடைமுறையில் பிரச்சினை என்னவென்றால், காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். பெல்லி நிலையில் 195 கி.மீ. வேகத்தில் போகிறவர் உள்ளங்கையை வெளியே நீட்டும்போது படும் விசையை 1 என்று வைத்துக்கொள்வோம். ஹெட்-டவுனில் 260 கி.மீ. வேகத்தில் அதே உள்ளங்கையில் படும் விசை ஏறக்குறைய 1.8. வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான், விசையோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது.

இதனால், பெல்லியில் பழகிய அளவுக்குக் கையை அசைத்தால் ஹெட்-டவுனில் அது ஓவராகிவிடும். மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினாலே உடம்பு சுழல ஆரம்பிக்கும். அனுபவசாலிகளின் அசைவுகள் வீடியோவில் கண்ணுக்கே தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2012 அக்டோபர் 14-ல் ஆஸ்திரியாவின் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து குதித்து, மணிக்கு 1,357 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அந்த உயரத்தில் காற்று மிக மெலிது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் அவர் உடல் கட்டுப்பாடின்றிச் சுழன்றது. கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியான பிறகே அவரால் நிலைக்கு வர முடிந்தது. ஸ்கைடைவருக்குக் காற்று தடை மட்டும் இல்லை, கைப்பிடியும் அதுதான்.

'கார்க்': ஃப்ரீஃப்ளையர்கள் பயப்படும் வார்த்தை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

தண்ணீருக்குள் ஒரு கார்க்கை அமுக்கிப் பிடித்து விட்டால் என்ன ஆகும்? விருட்டென்று மேலே வரும். ஹெட்-டவுனில் போகும் ஒருவர் நிலை தடுமாறிக் குப்புறவோ மல்லாந்தோ விரிந்துவிட்டால், கூட வருபவர்களின் கண்ணுக்கு அவர் அப்படித்தான் மேலே எகிறுவது போலத் தெரிவார். ஃப்ரீஃப்ளையர்கள் இதை 'கார்க்' என்றே சொல்கிறார்கள்.

உண்மையில் அவர் மேலே போகவில்லை. திடீரென வேகம் குறைந்திருக்கிறார், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. சாலையில் 100-ல் போகும்போது முன்னால் போகும் கார் சடன் பிரேக் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இங்கே பின்னால் வருபவருக்குப் பிரேக் பெடலும் இல்லை, பம்பரும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவரும் 260 கி.மீ. வேகத்தில் ஹெட்-டவுனில் போகிறார்கள். கீழே இருப்பவர் தடுமாறி முழுமையாகப் பெல்லி நிலைக்கு விரிந்துவிடுகிறார். அவரது வேகம் 195 கி.மீ.யை நோக்கி இறங்கத் தொடங்கும்.

- மற்றவர் நேர் மேலே 5 மீட்டரில் இருந்தால்: சுமார் ஒன்றேகால் நொடியில் மோதல். மோதும் வேகம் மணிக்கு 25 கி.மீ.
- நேர் மேலே 20 மீட்டரில் இருந்தால்: மூன்று நொடிக்குள் மோதல். மோதும் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கும் மேல்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். தள்ளி இருந்தால் பாதுகாப்பு என்றுதான் நினைப்போம். ஆனால் நேர் மேலே தள்ளி இருந்தால், வேக வித்தியாசம் வளர்வதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. அடியும் பலமாக விழுகிறது. அதனால்தான் ஃப்ரீஃப்ளையில் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விஷயங்களில் ஒன்று: யாருக்கும் நேர் மேலேயும் இருக்காதே, நேர் கீழேயும் இருக்காதே. பக்கத்தில், ஒரே மட்டத்தில் இரு.

தலையில் அடிபட்டு மயக்கமடைந்தால் பாராசூட்டைத் திறக்க ஆள் இல்லை. அதற்காகவே ஏ.ஏ.டி. எனப்படும் தானியங்கிக் கருவி இருக்கிறது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும் இது, ஆபத்தான உயரம் வந்தும் வேகம் குறையாவிட்டால் ரிசர்வ் பாராசூட்டைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். 1991-ல் ஜெர்மனியில் அறிமுகமான 'சைப்ரஸ்' கருவி இதைப் பரவலாக்கியது. அதன் 'எக்ஸ்பர்ட்' மாடல் தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் இயங்கும். ஆனால் அது கடைசிக் கட்டக் காவல். மோதலை அதனால் தடுக்க முடியாது.

தடுமாறினால் என்ன செய்ய வேண்டும்?

இங்கேதான் ஒரு பெரிய முரண். ஸ்கைடைவிங்கின் முதல் பாடமே, 'குழப்பம் வந்தால் இடுப்பை முன்னே தள்ளி, உடலை வில்லாக வளைத்து, குப்புற நிலைக்கு வா' என்பதுதான். தனியாக விழும்போது அது உயிர் காக்கும் பாடம். ஆனால் குழுவாக ஹெட்-டவுனில் போகும்போது அதே பாடம் உங்களைக் கார்க் ஆக்கிவிடும்.

அதனால் ஃப்ரீஃப்ளையில் சொல்லித்தருவது நேர் எதிரானது: தடுமாறினால் விரியாதே, சுருங்கு. முழங்கால்களை மார்போடு அணைத்து, பந்து மாதிரி உருண்டுகொள். அப்படிச் செய்தால் வேகம் பெரிதாகக் குறையாது. கூட வருபவர்களின் மட்டத்திலேயே ஏறக்குறைய இருக்கலாம். பிறகு உட்கார்ந்த நிலைக்கோ தலைகீழ் நிலைக்கோ நிதானமாகத் திரும்பலாம்.

பயம் வரும்போது விரியச் சொல்லும் உடம்பைச் சுருங்கப் பழக்குவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. ஹெட்-டவுன் பயிற்சிக்கு நேரம் பிடிக்க முக்கியக் காரணம் இதுதான்.

தெரியாமலே நகர்ந்துபோகும் ஆபத்து

கார்க்குக்கு அடுத்த பிரச்சினை, சறுக்கல். ஹெட்-டவுனில் உடம்பு நேர்க்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால், தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக உடல் வழுக்கிக்கொண்டே போகும். சுற்றிலும் வெறும் வானம். ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ இல்லை. அதனால் நகர்வதே தெரியாது.

ஒரே விமானத்திலிருந்து பல குழுக்கள் சில நொடி இடைவெளியில் குதிக்கும். விமானம் போகும் பாதையிலேயே ஒருவர் சறுக்கினால், தனக்கு முன்போ பின்போ குதித்த குழுவின் மேலோ கீழோ போய் நிற்பார். அதனால் புதியவர்களை விமானப் பாதைக்குக் குறுக்கே திரும்பிப் பழகச் சொல்கிறார்கள். சறுக்கினாலும் யார் மேலும் போய் விழ மாட்டார்கள்.

குதிக்கும் வரிசையிலும் கணக்கு உண்டு. பொதுவாகப் பெல்லி குழுக்கள் முதலில், ஃப்ரீஃப்ளை குழுக்கள் பிறகு. விமானம் காற்றை எதிர்த்துப் பறக்கும். மெதுவாக விழுபவர்களைக் காற்று அதிக நேரம் பின்னோக்கித் தள்ளும். அவர்கள் முதலில் குதித்தால், பின்னால் குதிப்பவர்களிடமிருந்து இன்னும் விலகிப் போவார்கள். வரிசை மாறினால் இரண்டு குழுக்களும் நெருங்கிவிடும்.

அந்த வேகத்தில் பாராசூட் திறந்துவிட்டால்?

பாராசூட்டுகள் பெல்லி வேகத்தை மனதில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. 260 கி.மீ.யில் தவறுதலாகத் திறந்தால், அந்த அதிர்ச்சி உடலுக்குக் கடுமையான காயத்தையும் பாராசூட்டுக்குச் சேதத்தையும் உண்டாக்கலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

எனவே ஃப்ரீஃப்ளைக்கான பாராசூட் பை தனிக் கவனத்தோடு சரிபார்க்கப்படும். மூடியைப் பிடித்திருக்கும் பின் காற்றில் வெளியே தெரியக் கூடாது. சிறு பாராசூட்டை வைத்திருக்கும் பாக்கெட் இறுக்கமாக இருக்க வேண்டும். தொடைப் பட்டைகள் விலகாமல் இருக்க இரண்டையும் ஓர் எலாஸ்டிக் கயிறு இணைத்திருக்கும். சட்டை வெளியே பறந்து கைப்பிடியை மறைக்கக் கூடாது.

நேரமும் குறைவு. பெல்லியில் ஆயிரம் அடி இறங்க ஐந்தரை நொடி ஆகும். ஹெட்-டவுனில் நாலே நொடிதான். தலைகீழாக இருக்கும்போது மணிக்கட்டில் இருக்கும் உயரமானியைப் பார்ப்பதும் சிரமம். அதனால் ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலி எழுப்பும் உயரமானியையும் வைத்துக்கொள்கிறார்கள். முதல் பீப் வந்ததும் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். ஒருவரை விட்டு ஒருவர் திரும்பி, கிடைமட்டமாக விலகிப் போய், பெல்லி நிலைக்கு வந்து வேகத்தைக் குறைத்து, அதன் பிறகே பாராசூட்டை இழுக்க வேண்டும்.

எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?

நேரடியாக யாரும் தலைகீழாகக் குதித்துப் பழகுவதில்லை. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் 'ஏ' லைசென்ஸுக்கே குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். ஃப்ரீஃப்ளை பயிற்சி பொதுவாக அதற்குப் பிறகுதான். அதிலும் முதலில் மல்லாந்த நிலை, அடுத்து உட்கார்ந்த நிலை, கடைசியாகத்தான் ஹெட்-டவுன்.

இப்போது பலரும் பழகுவது காற்றுச் சுரங்கங்களில். கீழிருந்து மேலே பலமாகக் காற்று வீசும் கண்ணாடிக் குழாய் அது. சிங்கப்பூரின் செந்தோசாவிலும் துபாயிலும் அபுதாபியிலும் இருப்பவை நம்மவர்களுக்கும் பரிச்சயம். ஒருமுறை வானத்திலிருந்து குதித்தால் ஹெட்-டவுனில் கிடைப்பது முக்கால் நிமிடம்தான். சுரங்கத்தில் நிமிடக்கணக்கில் தொடர்ந்து பழகலாம். தவறினால் பயிற்சியாளர் கையைப் பிடித்துச் சரிசெய்வார். கண்ணாடிச் சுவர் இருப்பதால் சறுக்கினாலும் உடனே தெரிந்துவிடும்.

வானத்துக்குப் போகும்போது முதல் சில முறை பயிற்சியாளரும் மாணவரும் மட்டும்தான். நான்கைந்து புதியவர்கள் சேர்ந்து 'நாமே ட்ரை பண்ணலாம்' என்று கிளம்புவதுதான் அனுபவசாலிகள் எச்சரிக்கும் விஷயம். ஒருவர் கார்க் ஆனால் விலகத் தெரியாதவர்கள்தான் சுற்றிலும் இருப்பார்கள்.

164 பேர், ஒரே வேகம்

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நாள் சாட்சி. 2015 ஜூலை 31. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்கைடைவ் சிகாகோ மையத்தில், 164 பேர் தலைகீழாக விழுந்தபடியே கைகோத்துப் பூ வடிவத்தை உருவாக்கினார்கள். 2012-ல் 138 பேர் செய்திருந்த சாதனையை இது முறியடித்தது. 13-வது முயற்சியில்தான் வெற்றி கிடைத்தது.

இவ்வளவு பேர் ஒரே விமானத்திலிருந்து குதிக்க முடியாது. பல விமானங்கள் சேர்ந்து பறக்கும். நடுவில் இருக்கும் குழு சீரான வேகத்தில் விழும். கடைசியில் குதிப்பவர்கள் பல நொடிகள் பின்தங்கியிருப்பதால், கை கால்களை ஒடுக்கி அதைவிட வேகமாகப் பாய வேண்டும். பிறகு நேரத்தோடு கால்களை விரித்து, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, வெளிப்புறத்தில் எல்லோரும் இருக்கும் மட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து கையைப் பிடிக்க வேண்டும். மேலிருந்து நேராக உள்ளே வர யாருக்கும் அனுமதி இல்லை. பிரேக்கைத் தாமதமாகப் போட்டால் கீழே போய்விடுவார். மொத்தமாகப் போட்டால் மேலே மிதந்துவிடுவார்.

164 பேரும் தரையை நோக்கி அசுர வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் கையைப் பிடித்த நொடியில் ஒருவருக்கொருவர் இருந்த வேக வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் யாருக்கும் அடிபடாமல் அந்தக் கைகள் கோத்துக்கொள்ள முடிந்தது.

அடுத்த முறை அப்படி ஒரு ரீல் வந்தால், சிரிக்கும் முகங்களை விட்டுவிட்டு அவர்களின் கால்களைப் பாருங்கள். ஒருவர் கொஞ்சம் கீழே இறங்கினால் அவரது கால்கள் லேசாக விரியும். மேலே போனால் லேசாகச் சேரும். 'ஹை-ஃபைவ்' நடக்கும் அந்த நேரம் முழுக்க அந்தக் கால்கள் பிரேக்கும் ஆக்சிலரேட்டருமாக வேலை செய்துகொண்டே இருக்கும்.